உபயகாரரின் இரவும் கசினோவின் இரவும்

1946 டிசெம்பர் 26. நெவாடாப் பாலைவனத்தில் ஃபிளமிங்கோ கசினோ திறந்த இரவு. மேடையில் ஜிம்மி டுரான்டே. கூடவே சேவியர் கூகாட்டின் இசைக்குழு. ஹொட்டேல் அறைகள் மட்டும் கட்டி முடிந்திருக்கவில்லை. ஆட்டத்தில் வென்றவர்கள் வென்ற காசோடு படுக்க வேறு ஹொட்டேல் தேடிப் போனார்கள். கசினோவுக்கு நட்டம். சில வாரங்களில் மூடி, 1947 மார்ச்சில்தான் மறுபடி திறந்தார்கள். பாட்டு ஆளைக் கூட்டிவரும், ஆனால் காசு பாட்டுக்கு விழாது, பக்கத்து மேசையில்தான் விழும் என்பதே லாஸ் வேகாஸின் கணக்கு.

துணுக்காயில் கசினோ இல்லை. மாங்குளத்துக்கு மேற்கே, வவுனிக்குளத்து நீரை நம்பி நெல் விதைக்கிற ஊர்கள் அங்கே இருக்கின்றன. ஆனாலும் பாலைவன நகரத்திடம் கேட்கிற ஒரு கேள்வியை வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம்: மேடையில் வாசிப்பவருக்குப் படியளப்பவர் யார்? அவர் மாறினால் இசையும் மாறுமா?

வடக்கின் பெருங்கோயில்களில் ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் உண்டு. அது ஒரு குடும்பமாக இருக்கலாம், ஊரின் ஒரு பகுதியாக இருக்கலாம், ஒரு தொழில் சமூகமாகவும் இருக்கலாம். அபிஷேகம், சாத்துப்படி, மேளம் எல்லாம் அந்த நாளுக்கு அவர் பொறுப்பு. நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால் இன்றையவர் நாலு பிடிக்கப் பார்ப்பார். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. தஞ்சைப் பக்கத்து வித்துவான்களை அழைப்பது அதன்பின் இன்னும் எளிதானது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் இங்கே வந்து வாசித்தார்கள். இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களில் மேளக் குடும்பங்கள் வேரூன்றின. ஆடல் மகளிரோடு வந்த சின்னமேளமும் திருவிழாக்களில் இடம்பிடித்தது. கோயிலில் அது கூடாது என்று ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடிந்து எழுதினார். அவர் போன பின்பும் வெகுகாலம் சின்னமேளம் தொடர்ந்தது என்றால், நாவலரின் பேனாவைவிட உபயகாரரின் போட்டிக்கு வலு அதிகம் என்றுதான் கொள்ளவேண்டும்.

இரண்டு இடங்களிலும் இசைக்குக் காசு கொடுத்தவர் வேறு, கேட்டவர் வேறு. ஆனால் காசு கொடுத்தவரின் தேவை நேர் எதிரானது. கசினோக்காரருக்குக் கேட்பவர் சீக்கிரம் எழும்பி மேசைக்குப் போகவேண்டும். அதனால் பெரிய மண்டபங்களில் நிகழ்ச்சி ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. உபயகாரருக்கோ சனம் விடியும்வரை வீதியை விட்டு அசையக்கூடாது. அசைந்தால் அடுத்த நாள் ஊர் பேசும். சுவாமி வெளிவீதி சுற்றி வரும்போது ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்று வாசிக்கிற மேளச்சமா அந்தத் தேவையில் செழித்தது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) என்ற தவில் மேதையின் கணக்கு வழக்குகளைத் தமிழ்நாடும் வியந்து கேட்டது. ஒன்றரை மணித்தியாலக் கச்சேரி மட்டுமே கிடைத்திருந்தால் அப்படியொரு கை உருவாகியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

லாஸ் வேகாஸிலும் விடியவிடியப் பாடிய இடம் ஒன்று இருந்தது. சூதாட்டக் கூடத்தை ஒட்டிய சிறு மேடைதான் அது. சஹாரா ஹொட்டேலின் அந்த மேடையில் 1954 முதல் லூயி பிரீமாவும் கீலி ஸ்மித்தும் நள்ளிரவு தாண்டிப் பாடினார்கள். அந்த நேரம் விழித்திருந்து சூதாடுபவர்தான் கசினோவுக்கு லாபம். பெரிய மண்டபத்தில் பாட்டைச் சுருக்கியதும் சின்ன மேடையில் நீட்டியதும் ஒரே முதலாளியின் கைதான்.

வன்னியில் கதை வேறு விதம். நாள்தோறும் மேளம் பிடிக்கிற பணக்கார உபயகாரர் இங்கே அரிது. காலபோக அறுவடை முடிந்து களத்தில் நெல் விழுந்தால்தான் கையில் காசு. ஆகவே இசைக்கு ஆளைக் கூப்பிடுவதைவிட ஊரே ஆடிப் பாடியது. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்துக்கு ‘முல்லைமோடி’ என்று தனிப்பெயரே உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும் அந்தக் கூத்தும் ஒரே நம்பிக்கையில் வளர்ந்தவை. காத்தவராயன் கூத்தை நேர்த்திக்கடனாக ஆடுவோரும் உண்டு. அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குவார், பிறகு ஓர் இரவு முழுக்க ஆட்டம். அங்கே படியளப்பவரும் பாடுபவரும் கேட்பவரும் ஏறத்தாழ ஒரே சனம். வன்னியின் இசைவரலாற்றை யாழ்ப்பாணத்தின் வாலாக எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹார்மோனியத்தோடு பாடுகிற இசைநாடகமும் சனத்தை இழுத்தது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்துக்குத் திருவிழா இரவுகளில் சனம் பாய் விரித்து இடம்பிடித்தது. நடிப்பைப் பார்க்க வந்தவர்களைவிடப் பாட்டைக் கேட்க வந்தவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. அதன்பின் கிற்றாரும் டிரம்ஸும் வந்தன. கண்ணன் கோஷ்டி போன்ற மெல்லிசைக் குழுக்கள் கோயில் மேடையில் ஏறின. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாவின் தாளத்தைத் தமிழுக்குள் இழுத்துவந்து பொப் இசையாக்கினார்கள்.

வாசிப்பவருக்கு எங்கே இடம் என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. லாஸ் வேகாஸின் பெரிய ஹொட்டேல்களில் சாமி டேவிஸ் ஜூனியர் பாடலாம், ஆனால் அங்கேயே தங்க முடியாது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்திருக்கலாம் என்று 1955 மே மாதம் திறந்த மூலான் ரூஷ் ஹொட்டேல் அரையாண்டிலேயே மூடப்பட்டது. 1960 மார்ச்சில்தான் ஹொட்டேல்காரர்கள் அந்த நிறத் தடையைக் கைவிட இணங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் நாதஸ்வரமும் தவிலும் உள்வீதியில் ஒலித்தபோது பறை வெளியே நின்றது. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தபோது வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களுள் எத்தனை பேரின் முன்னோர், தடுத்த அதே சமூகத்தின் சாவுக்கும் சடங்குக்கும் தாளம் கொடுத்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

பிறகு போர். 1990 இல் மின்சாரம் நின்ற குடாநாட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். 1995 இடப்பெயர்வுக்குப் பின் பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள், மல்லாவியும் துணுக்காயும் நெரிசலான சந்தைகளாயின. 2008 இல் அந்த ஊர்களும் வெறுமையாகின. 2009 இன் இறுதியில் மீள்குடியேற்றம் தொடங்கியபோது முதலில் ஆள் திரும்பிய இடங்களுள் துணுக்காயும் ஒன்று. கூரை போட முன்பே கோயிலில் விளக்கு வைத்தார்கள். மேளம் பிடிக்கிற காசு கடல்கடந்து வந்தது.

படியளப்பவர் மறுபடி மாறினார். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் ஊர்க்கோயில் உபயத்தைப் பொறுப்பெடுத்தார்கள். வியாபாரமும் மேடைக்கு வந்தது. 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடந்தது. ஒரு கல்வி நிறுவனத்தின் அறிமுகத்தோடு பிணைந்திருந்த அந்த இரவில், இலவசப் பகுதியில் நின்ற கூட்டம் தடுப்பை உடைத்து முன்னே பாய்ந்தது. நிகழ்ச்சி குழம்பியது. கொழும்பிலோ 2025 ஓகஸ்டில் திறந்த கசினோ விடுதியின் தொடக்கத்துக்கு இந்தித் திரை நட்சத்திரம் ஒருவரையே அழைத்தார்கள். ஃபிளமிங்கோவின் பழைய கணக்கு அங்கேயும் செல்லுபடியாகிறது.

லாஸ் வேகாஸில் 1989 இல் இசைக்கலைஞர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள் வாசிப்பதற்குப் பதில் பதிவு நாடாவை ஓடவிட ஹொட்டேல்கள் முற்பட்டதே காரணம். வன்னியின் திருவிழா மேடையில் அந்த நாடா சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கீபோர்ட், இரண்டு பாடகர், மீதி வாத்தியமெல்லாம் மடிக்கணினிக்குள். தவிலுக்கு மட்டும் இன்னும் ஆள் வேண்டும். வெளிவீதியில் சமா சூடேறும்போது யாராவது ஒருவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கிறார். அந்தப் பக்கம் உபயகாரர் வேலைக்குப் புறப்படுகிற நேரம். படம் எடுப்பவர் தவில்காரரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறார்.