ஏரி வாரியமும் செல்வர் கடமையும்: பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை முன்வைத்து

முன்னுரை

வறியோர் மிகுந்த நாட்டில் செல்வரின் கடமை பெரும்பாலும் கொடை என்ற அளவிலேயே பேசப்படுகிறது. அவர்கள் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. தொண்டைமண்டல நீர்நிலைகளைக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

உத்திரமேரூர்ச் சான்று

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921), ஏரி வாரியம் உள்ளிட்ட வாரியங்களுக்குக் குடவோலை வழி உறுப்பினரைத் தேரும் நெறியை வகுக்கிறது. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 முதல் 70 வயதிற்குட்பட்டவராய் இருத்தல் வேண்டும். வேதப் புலமையுடையார்க்கு நில அளவு தளர்த்தப்பட்டது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். உடைமை தகுதியைத் தந்தது. கணக்கு அத்தகுதியைக் காத்தது. ஏரி வறண்டால் உறுப்பினரின் வயலும் வறண்டது.

இதனைப் பொற்காலமெனக் கொள்ளல் பொருந்தாது. அது பிரமதேயச் சபை. நிலமற்ற உழைப்பாளருக்கும் பெண்களுக்கும் அங்கு இடமில்லை. கணக்குக் கேட்கும் உரிமை உடையவர்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பள்ளிக்கரணையின் நிலை

தென்சென்னைப் புறநகர் ஏரிகளின் உபரிநீரை ஏற்று, ஒக்கியம் மடுவு வழியே வெளியேற்றும் கழுவேலி பள்ளிக்கரணை. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் இச்சதுப்பைப் பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் சாலைகளும் நிறுவன வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் சுருக்கின. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. நிலமதிப்பு உயர்வின் பயன் உடைமையாளரைச் சேர்ந்தது. ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களோ, வெள்ளம் தேங்கும் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளம் செல்வர் வாழும் பகுதிகளையும் விடவில்லை. ஆயினும் இழந்ததை மீட்கும் வலிமை இருசாராருக்கும் ஒன்றன்று.

சட்டம் வகுத்த கடமை

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட வரம்பைக் கடந்த நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமையும் கோருகிறது. எனினும் எப்பணிக்கு எவ்வளவு என்பதை இயக்குநர் குழுவே முடிவு செய்கிறது. செலவு ஆண்டறிக்கையில் இடம்பெறுகிறது. அவ்வட்டார மக்கள்முன் வைக்கப்பட வேண்டும் என்பதில்லை. இலாபம் ஈட்டிய முறையால் நேர்ந்த இழப்பும் இக்கணக்கில் சேர்வதில்லை.

முடிவுரை

உத்திரமேரூரில் கணக்கு இருந்தது. கேட்கும் உரிமை சிலரிடம் மட்டும் இருந்தது. இன்று உரிமை அனைவருக்கும் உண்டு. கணக்கு வேறிடத்தில் ஒப்படைக்கப்படுகிறது. செல்வரின் கடமையைக் கொடையின் அளவால் மட்டும் மதிப்பிட இயலாது. நீரின் போக்கை மாற்றியவர், அந்நீர் புகுந்த வீட்டாருக்கு விடை சொல்லும் நிலையே அதன் உரைகல்லாகும்.