சமையல் புத்தகமும் ஹாலில் நடந்த வியாபாரமும்

2007-ல் நானும் என் மனைவியும் ஆறு மாதம் அமெரிக்காவில் பெண் வீட்டில் இருந்தோம். சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகர். ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் எங்களையும் கூப்பிட்டிருந்தார். விருந்து என்று நினைத்துப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, வியாபாரம். பத்துப் பன்னிரண்டு பெண்மணிகள், ஆண்பிள்ளை நான் ஒருவன். நடு மேஜையில் கத்தி, கரண்டி, வடிதட்டு, களிமண்ணில் சுட்ட தட்டையான ஓடுகள். விற்க வந்த பெண்மணி வீட்டுக்காரரின் அடுப்பிலேயே ஏதோ ஒரு பண்டம் செய்து எல்லோருக்கும் கொடுத்தார். அதில் முட்டை உண்டு என்று பெண் விசாரித்துச் சொல்லிவிட்டாள். நாங்கள் ஆப்பிள் துண்டங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

சாமான்களெல்லாம் குவியலாகக் கிடக்க, ஒரு சமையல் புத்தகம் மட்டும் தனியாக ஒரு பலகையின்மேல் நின்றுகொண்டிருந்தது. பாராயணத்துக்கு வைப்போமே சிக்குப்பலகை, அந்த மாதிரி. அன்று அடுப்பில் இருந்த பண்டத்தின் பக்கம் திறந்திருந்தது. வேறு சில பக்கங்களில் மஞ்சள் காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. புத்தகத்தை வாங்குங்கள் என்று அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பண்டம் வேகும் நேரத்தில் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கவிட்டார். புறப்படும்போது பாதிப் பேருக்கு மேல் ஆளுக்கு ஒன்று வாங்கிவிட்டார்கள்.

என் மனைவி என் காதோடு சொன்னாள்: "ஏன்னா, நான் பண்ணினதுதானே இது?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதன் பின் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வீட்டுக் கூடத்தில் நாலு பேரைக் கூட்டிச் சாமான் விற்பதற்கும் சமையல் புத்தகத்துக்கும் உள்ள சம்பந்தம் நான் நினைத்ததைவிடப் பழையது.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் அலுமினியப் பாத்திரம் புதுச் சரக்கு. இரும்பிலும் எனாமலிலும் சமைத்துப் பழகியவர்கள் அதைத் தொடத் தயங்கினார்கள். பென்சில்வேனியாவில் செய்த 'வேர்-எவர்' அலுமினியப் பாத்திரங்களைக் கல்லூரி மாணவர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார்கள். பிறகு ஒரு யுக்தி வந்தது. ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடச் சொல்லி, விற்பனைக்காரரே அந்தப் பாத்திரத்தில் சமைத்துப் பரிமாறுவது. வாயில் போட்ட பிறகு தயக்கம் ஏது? கையோடு சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்றும் அந்த வீட்டில் தங்கிவிடும். 1931-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க் ஸ்டான்லி பெவரிட்ஜ் தொடங்கிய கம்பெனி இதே முறையில் துடைப்பம், பிரஷ் எல்லாம் விற்றது. இடம் கொடுக்கும் வீட்டுக்காரிக்குப் பரிசு, விற்பவருக்குக் கமிஷன். விற்பவரை நம்பாவிட்டாலும் கூப்பிட்ட சிநேகிதியை நம்புவார்கள் என்பதுதான் கணக்கு.

அடுத்த கட்டத்தில் கொஞ்சம் ரசாயனம் வருகிறது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் என்பதால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாலிதீன் என்ற பொருள் 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் சோதனைச்சாலையில் தற்செயலாகக் கிடைத்தது. எதிலீன் வாயுவை மிக அதிக அழுத்தத்தில் வைத்து ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் வேறு எதையோ எதிர்பார்க்க, பாத்திரத்தின் உள்ளே வெள்ளை மெழுகு போல் ஒன்று படிந்திருந்தது. யுத்த காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறையானது. யுத்தம் முடிந்தபின் அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் அதில் டப்பா செய்தார். 1946-ல் டப்பர்வேர் கடைக்கு வந்தது. வந்து, அலமாரியிலேயே உட்கார்ந்துவிட்டது. மூடியை அழுத்தி, ஓரத்தைத் துளி தூக்கி, 'புஸ்' என்று காற்றை வெளியேற்றினால்தான் இறுகும். இதைச் செய்து காட்டக் கடையில் ஆள் இல்லை. மூடி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

செய்து காட்டியவர் பிரௌனி வைஸ். விவாகரத்தானவர், ஒரே பிள்ளை. முதலில் பெவரிட்ஜின் கம்பெனிச் சாமானை விற்றுப் பழகியவர். டப்பாவில் திராட்சை ரசத்தை ஊற்றி, மூடி, ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீசுவார். சிந்தாது. கடைகளை மொத்தமாக விற்றதைவிட இவர் அதிகம் விற்கிறார் என்று கண்ட டப்பர், 1951-ல் கடை வியாபாரத்தையே நிறுத்திவிட்டு, இவரை வைஸ் பிரசிடென்ட் ஆக்கினார். 1954-ல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண்மணி இவர்தான். 1958 ஜனவரியில் டப்பர் இவரை வெளியே அனுப்பினார். கம்பெனியில் ஒரு பங்குகூட இவர் பெயரில் இல்லை. 1957-ல் இவர் எழுதிய புத்தகத்தில் விற்காமல் நின்ற பிரதிகளை ஃப்ளோரிடா தலைமை அலுவலகத்தின் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள் என்று இவர் வரலாற்றை எழுதியவர் சொல்கிறார். அதே வருஷம் டப்பர் கம்பெனியை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

சமையல் புத்தகத்தைப் பலகையில் ஏற்றியது இன்னொரு அம்மாளின் கம்பெனி. டோரிஸ் கிறிஸ்டோபர், மனையியல் படித்து அதைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர். 1980-ல், சிகாகோ பக்கத்து வீட்டின் நிலவறையில், ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் பேரில் 3,000 டாலர் கடன் வாங்கி 'பேம்பர்ட் ஷெஃப்' என்று தொடங்கினார். எல்.ஐ.சி. பாலிசியை வைத்துப் பெண் கல்யாணம் செய்தவர்கள் நம்மில் உண்டு. கம்பெனி ஆரம்பித்தவர்கள் எத்தனை பேரோ! அந்த வருஷம் அக்டோபரில் முதல் 'கிச்சன் ஷோ'. 2002-ல் அதை வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கிக்கொண்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த கூட்டமும் அந்த வழிதான்.

அவர்கள் புத்தகத்தைப் புரட்டியபோது ஒன்று தெரிந்தது. செய்முறையிலேயே பாத்திரத்தின் பெயர் இருக்கிறது. 'மாவைத் தட்டில் பரப்பவும்' என்று எழுதாமல், இந்தக் கம்பெனியின் இன்ன ஓட்டில் பரப்பவும் என்று எழுதுகிறார்கள். விற்பனைக்காரி இரவு பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவாள். புத்தகம் அடுக்களையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை திறக்கும்போதும், 'அந்த ஓடு உன்னிடம் இல்லையே' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சம்பளமில்லாத ஏஜென்ட்.

நம் தேசத்திலும் இது அடியோடு புதிதில்லை. 1959-ல் இங்கே பிரஷர் குக்கர் தயாரிப்பு தொடங்கியது. குக்கர் பெட்டிக்குள் கேஸ்கெட்டோடு ஒரு சமையல் புத்தகமும் வரும். எத்தனையோ வீடுகளில் அச்சடித்த முதல் சமையல் புத்தகம் அதுவாகத்தான் இருந்திருக்கும். வீடு தேடி வரும் வியாபாரமும் உண்டு. டில்லியில் இருந்தவர்களுக்குப் பழைய துணிக்கு எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்காரியை ஞாபகம் இருக்கும். ஜரிகைப் புடவைக்கு ஒரு டப்பா, அதற்கு முக்கால் மணி நேரம் பேரம். ஆனால் பத்துப் பேரைக் கூட்டி டிபன் கொடுத்து விற்பது 1996-ல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்த பிறகு பரவியது. அதைப் பார்த்து வேறு சிலரும் இறங்கினார்கள்.

1998-ல் நாங்கள் தெற்கு டில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். என் மனைவி அப்படி ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்கு விற்பனை செய்ய ஆரம்பித்தாள். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. முதல் கூட்டம் எங்கள் ஹாலில். பஞ்சாபி, பெங்காலி, மராத்தி என்று எட்டு வீட்டுப் பெண்கள். டப்பாக்களுக்கு நடுவில், தன் அம்மா கொடுத்த 'சமைத்துப் பார்' புத்தகத்தைத் திறந்து வைத்தாள். அதிலிருந்து செய்த புளியோதரையை டப்பாவில் நிரப்பி, மூடியைப் 'புஸ்' என்று அழுத்தி, மறுநாள் காலை வரை கெடாது, ரயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று விளக்கினாள்.

'சமைத்துப் பார்' பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் இளைய தலைமுறைக்காக இரண்டு வரி. எஸ். மீனாட்சி அம்மாள் 1905-ல் பிறந்தவர். இருபதுகளின் ஆரம்பத்திலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைச் சுமந்தவர். உறவுப் பெண்கள் இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்க, இதையெல்லாம் புத்தகமாக எழுதேன் என்று மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்டினார். முதல் பாகம் 1951-ல் வந்தது. 1962-ல் அம்மாள் காலமானார். குடும்பத்தார் தொடர்ந்து வெளியிட்டார்கள். ஆங்கிலத்திலும் வந்தது. இந்தப் புத்தகத்துக்கு விற்கப் பாத்திரம் எதுவும் கிடையாது.

என் மனைவியின் பிரதியில் அளவெல்லாம் ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்த ஹாலில் அது யாருக்கும் தெரியாது. இவள் உள்ளே போய் ஆழாக்கை எடுத்துவந்து, கம்பெனியின் பிளாஸ்டிக் டம்ளரில் அதன் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டாள். "இந்தக் கோடுவரைக்கும் அரிசி, அவ்வளவுதான்" என்று அரைகுறை ஹிந்தியில் சொன்னாள். அன்றைக்கு டம்ளர் எல்லாம் தீர்ந்துபோயிற்று. வாங்கியவர்கள் ஒவ்வொருவரும் கோடு போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். புத்தகம் இங்கிலீஷில் கிடைக்குமா என்றும் கேட்டார்கள். மெட்ராஸில் இருந்த தம்பிக்கு எழுதிப் பத்துப் பத்தாக வரவழைத்தாள். எட்டு மாதத்தில் அந்த டப்பாக்களைவிடப் புத்தகம்தான் அதிகம் பேசப்பட்டது. ஒரு சின்ன நோட்டில் வரவு செலவு எழுதி வைத்திருந்தாள். நான் அதைத் திறந்ததில்லை.

பிறகு எனக்கு ஒரு பதவி உயர்வு நேரம் வந்தது. விஜிலன்ஸ் கிளியரன்ஸ் வேண்டும். அலுவலகத்தில் ஒருவர், "உங்கள் வீட்டில் கடை நடக்கிறதாமே சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, "ரூல் இடம் கொடுக்காது, நிறுத்திவிடு" என்றேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: "டப்பாவையா, புத்தகத்தையா?" "இரண்டையும்தான்" என்றேன். நிறுத்திவிட்டாள். மிச்சமிருந்த பிரதிகள் கல்யாணப் பரிசாகப் போயின.

ரூல் என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964, விதி 15. குடும்பத்தில் ஒருவர் வியாபாரமோ கமிஷன் ஏஜென்சியோ செய்தால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்காக ஊழியர் தாமே ஆள் பிடிக்கக் கூடாது. நிறுத்த வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. ஹாலில் கூட்டம் போடக் கூடாது, அரசாங்கக் குடியிருப்பு என்று சொல்லியிருந்தால் அதில் நியாயம் உண்டு. வேறு இடம் பார்த்திருப்பாள். நான் செய்ய வேண்டியிருந்தது ஒரு பக்கக் கடிதம். எழுதவும் எழுதினேன். நகல் இன்றும் என் பழைய ஃபைலில் இருக்கிறது. அனுப்பவில்லை. அனுப்பினால், மனைவி டப்பா விற்கிறாள் என்று பிரிவில் நாலு பேர் படிப்பார்களே என்ற கூச்சம். விதியின் பேரைச் சொன்னது சௌகரியமாக இருந்தது.

எதிர்வீட்டுக் கூட்டம் முடிந்து நடந்து வரும்போது இதை அவளிடம் சொன்னேன். ஒன்பது வருஷம் கழித்து. பனி பெய்து நடைபாதை வழுக்கிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், "ஒரு லெட்டர்தானா?" என்றாள். வீடு வரும்வரை வேறு பேச்சில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணிடம், "அவ நூறு தரம் புத்தகத்தைத் தொட்டா, ஒரு தரமாவது ருசி பார்த்து உப்பு சரியான்னு சொன்னாளோ?" என்று அந்த விற்பனைக்காரியைப் பற்றி விமரிசனம் செய்துகொண்டிருந்தாள்.

டப்பர்வேர் கம்பெனி 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது என்று பேப்பரில் வந்தபோது, செய்தியை அவளிடம் படித்துக் காட்டினேன். "பிரௌனிக்கு அப்பவே பங்கு கொடுத்திருக்கலாம்" என்றாள். நெயில் பாலிஷ் கோடு போட்ட டம்ளர் ஒன்று எங்கள் அரிசி டின்னில் இன்னும் கிடக்கிறது. கோடு பாதி உதிர்ந்துவிட்டது.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். அவள் அம்மா கொடுத்த 'சமைத்துப் பார்' இரண்டாம் பாகத்தை 1999-ல் எங்கள் காலனியிலிருந்து மாற்றலாகிப் போன நம்மவர் குடும்பம் ஒன்று இரவல் வாங்கிப் போயிற்றாம். புனாவோ நாக்பூரோ, சரியாக ஞாபகமில்லை. பழுப்பு அட்டை, முதல் பக்கத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கும். யாரிடமாவது இருந்தால் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கச் சொல்கிறாள். தபால் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்.