தாம்பரத்து மரங்கள் - நட்டால் மட்டும் போதுமா?

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதற்கு முன் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் எல்லாம் ஏரியும் வயலும் புதர்க்காடுமாக இருந்த ஊர்கள். ரயில் வந்தது, மனைகள் வந்தன, வீடுகள் வந்தன. காடு மெல்ல மெல்லக் குறைந்தது.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கதை வேறு மாதிரி நடந்தது. 1937-ல் சென்னை கிறித்துவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. சேலையூர் காட்டின் ஒரு பகுதிதான் அதன் வளாகம். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸுக்குத் தாவரங்கள் மீது தீராத காதல். அவரும் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தில் மரங்களை வளர்ப்பதில் பெரும் பங்காற்றினார்கள். 1941-ல் பார்ன்ஸ் மறைந்தார். இன்றும் சுமார் 365 ஏக்கரில் அந்தப் பசுமை நிற்கிறது.

கல்லூரிக்கு வெளியே? அங்கும் மரங்கள் நடப்பட்டன. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சி, மஞ்சள் பூ உதிர்க்கும் பெருங்கொன்றை... சீக்கிரம் வளரும், நல்ல நிழல் தரும். ஆனால் நட்ட பிறகு பராமரிப்பது யார் என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

அதற்கான விலை 2016 டிசம்பர் 12 அன்று தெரிந்தது. வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் சென்னையைத் தாக்கியது. முதலில் ஒரு பக்கமாக அடித்த காற்று, புயலின் கண் கடந்ததும் எதிர்ப்பக்கமாக அடித்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புறநகர்த் தெருக்களில் கார்கள் மீதும் மின்கம்பிகள் மீதும் மரங்கள் கிடந்தன.

புயல் மட்டுமா காரணம்? அடிமரம் வரை சிமென்ட் பூசினால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. பள்ளம் தோண்டும்போது வேர் அறுபடும். கம்பியில் படுகிறதென்று ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டினால் மரத்தின் பாரம் மறுபக்கம் சாயும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு சிமென்ட் இருக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது இதனால்தான்.

வர்தாவுக்குப் பிறகு இன்னொரு ஆபத்து வந்தது, பயம்! வீட்டு மரம் விழுந்துவிடுமோ என்று உச்சியையே மொட்டையடிக்கும் வழக்கம். இது தீர்வே அல்ல. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நீளவாக்கில் அறுத்து ஆராய்ந்து 1977-ல் ஓர் உண்மையை விளக்கினார். மனிதனின் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. அழுகல் பரவாமல் மரம் உள்ளே சுவர் கட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். உச்சியை வெட்டினால் அந்தச் சுவர் தாங்காது. தண்டு அழுகும். பக்கத்தில் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, அடுத்த காற்றில் அவையே முறியும்.

சரியான முறை என்ன? கிளை தண்டோடு சேருமிடத்தில் ஒரு புடைத்த வளையம் இருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். பெரிய கிளை என்றால் முதலில் சற்றுத் தள்ளி அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து. பட்டை உரியாமல் கிளை விழும். மிச்சத்தைக் கடைசியில் வளையத்தை ஒட்டி அறுக்கலாம். உயரமான மரம் என்றால் கயிறும் பயிற்சியும் உள்ள ஆட்களைத்தான் ஏற்ற வேண்டும்.

2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. வீடுகள் இன்னும் நெருங்கும், மரத்துக்கு இடம் இன்னும் குறையும். ஒரு கன்று நட ஐந்து நிமிடம் போதும். அதை மரமாகக் காப்பாற்ற ஐம்பது வருடக் கவனம் வேண்டும். பார்ன்ஸ் தம்பதியின் மரங்கள் சொல்லும் பாடம் அதுதான்.