பட்டமும் பெயரும்

படித்துப் பட்டம் பெற்றால் வேலை என்னும் நம்பிக்கைக்கு இந்தியாவில் அரசாணையே அடித்தளமிட்டது. 1844 அக்டோபரில் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் வெளியிட்ட தீர்மானம், ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணிகளில் முன்னுரிமை அளித்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. 1922இல் செயின்ட் ஸ்டீபன்ஸ், இந்து, ராம்ஜஸ் ஆகிய மூன்று கல்லூரிகளோடு தில்லிப் பல்கலைக்கழகம் தோன்றியது.

விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 16ஆம் கூறு, அரசு வேலைவாய்ப்பில் சமவாய்ப்பை உறுதி செய்தது. பிறப்பால் அடைக்கப்பட்ட கதவைப் பட்டம் திறக்கும் என ஒடுக்கப்பட்டோர் நம்பினர். எனினும் அந்தக் கூறு தனியார் அலுவலக வாயிலோடு நின்றுவிடுகிறது. 1991க்குப் பின் தனியார் துறை விரிவடைந்தபோது, சமவாய்ப்பு பற்றிய கேள்வியும் அவ்வாயிலுக்கு இடம்பெயர்ந்தது.

1973இல் பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். விண்ணப்பிப்பவரின் திறன் வேலை தருபவருக்கு நேரில் தெரியாது. ஆகவே அவர் படிப்பைத் திறனின் குறியாகக் கொள்கிறார். படிப்பு, முயன்று பெறத்தக்க குறி. இனம், பாலினம் போன்றவையோ முயற்சியால் மாற்றவியலாத அடையாளங்கள். வேலை தருபவர் இரண்டையும் சேர்த்தே படிக்கிறார் என்பதையும் ஸ்பென்ஸ் சுட்டினார். இந்தியாவில் அவ்வடையாளம் பெரும்பாலும் பெயரிலேயே அமைந்துள்ளது.

இதனைச் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் சோதித்தனர். தில்லி உள்ளிட்ட நகரங்களின் ஆங்கில நாளேடுகளில் 2005 அக்டோபர் முதல் 66 வாரங்கள் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, நிகரான தகுதியும் வேறுபட்ட பெயர்களும் கொண்ட 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். 2007இல் முடிவு வெளியாயிற்று. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அடுத்த கட்டத்திற்கு அழைக்கப்படும் சாத்திய விகிதம் தலித் பெயருக்கு 0.67, இஸ்லாமியப் பெயருக்கு 0.33. நேர்முகத் தேர்வை எட்டுமுன்பே பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டது.

அபிஜித் பானர்ஜி முதலியோர் தில்லி வட்டாரத்தில் நடத்தி 2009இல் வெளியிட்ட மற்றொரு சோதனை சற்று வேறுபட்ட முடிவைத் தந்தது. மென்பொருள் பணிகளில் குறிப்பிடத்தக்க சாதி வேறுபாடு தென்படவில்லை. அழைப்பு மையப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர் பெயர்கள் பின்தங்கின. இரு முடிவுகளையும் சேர்த்து நோக்கின் ஒன்று புலப்படும்: திறனை நேரடியாக அளக்க முடிந்த இடத்தில் பெயரின் பிடி தளர்கிறது, பேச்சும் பழக்கமும் ‘பொருத்தமும்’ எடைபோடப்படும் இடத்தில் அது இறுகுகிறது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லியில் பேட்டி கண்ட பணியமர்த்தும் அலுவலர்கள், தகுதியே முதன்மை என்று கூறிக்கொண்டே குடும்பப் பின்னணியையும் முக்கியமெனக் கருதினர்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சில துறைகளில் பட்டத்தையும் வேலையையும் பிரிக்க வேண்டுமெனக் கூறியது. பட்டத்தை விலக்குவதால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது. அதன் இடத்தில் திறனைச் சோதிக்கும் வெளிப்படையான முறை வராவிடில், எஞ்சி நிற்பது பெயர் ஒன்றே. கல்லூரியில் இடம் தருவது சமவாய்ப்பின் முதற்பாதி. அங்குப் பெற்ற பட்டம் எல்லோர் கையிலும் ஒரே மதிப்போடு படிக்கப்படுவதே மறுபாதி.