மார்புக்குள் ஒரு குழாய்

"நரம்பு கிடைக்கல"னு ஆஸ்பத்திரியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரத்தம் ஓடும் சிரையைத்தான் பேச்சு வழக்கில் நாம் நரம்பு என்கிறோம். குழந்தையின் கையில் அது நூல் மாதிரி இருக்கும். வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் போன்ற கீமோதெரபி மருந்துகள் அதைவிட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால்தான் இதயத்தை ஒட்டிய பெரிய சிரைக்கே நேராகக் குழாய் விடும் வழியைத் தேடினார்கள்.

இதயம்வரை குழாய் போகலாம் என்று 1929-லேயே ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் காட்டிவிட்டார். யாரை வைத்து? தன் கையையே வைத்து! ஆனால் மாதக்கணக்கில் உடம்பிலேயே இருக்கும் குழாய் வர இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ப்ரோவியாக் குழுவினர் சிலிக்கான் ரப்பரில் ஒன்றைச் செய்தார்கள். அது சிரை வழியே உணவு செலுத்துவதற்கானது. புற்றுநோய்க்கு என்று செய்யப்பட்டதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்கு ரத்தமும் ஏற்ற வேண்டும், எடுக்கவும் வேண்டுமே? அதே ஊரின் ராபர்ட் ஹிக்மன் துளையை அகலமாக்கி 1979-ல் வெளியிட்டார். இத்தனைக்கும் அவர் குழந்தைகளின் சிறுநீரக மருத்துவர்.

இந்தக் குழாயில் எனக்குப் பிடித்த பகுதி, தோலுக்கடியில் இருக்கும் டேக்ரான் பட்டை. திசு அதற்குள் வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும். தோல் வழியாக வரும் கிருமிக்கும் தடுப்பு. அழகான யோசனைதான். ஆனால் கிருமிக்கு இன்னொரு வாசல் உண்டு: மருந்து ஏற்றத் திறந்து மூடும் வெளிமுனை. தோலில் சும்மா கிடக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், அது வழியாக நுழைந்து குழாயின் உள்சுவரில் படலம் கட்டிக்கொள்ளும். கீமோ கொடுத்து வெள்ளையணு குறைந்திருக்கும் பிள்ளைக்கு இது உயிருக்கே ஆபத்து. குழாயைக் கழுவிவிட்ட கொஞ்ச நேரத்தில் குளிரும் நடுக்கமும் வந்தால் மருத்துவர்கள் முதலில் குழாயைத்தான் சந்தேகிப்பார்கள்.

ரத்தக்கட்டு இன்னொரு தொல்லை. நுனியில் ஃபைப்ரின் படிந்தால் மருந்து உள்ளே போகும், ரத்தம் மட்டும் வெளியே வராது.

1980-களில் முழுக்கத் தோலுக்கடியில் புதைக்கும் போர்ட் வந்தது. வெளியே எதுவும் தொங்காததால் பிள்ளை குளிக்கலாம், ஓடியாடலாம், தொற்றும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் தோலைத் துளைத்து ஊசி போட வேண்டும். அந்த ஊசி கொஞ்சம் நழுவினாலும் டாக்ஸோரூபிசின் மார்புத் தோலுக்கடியில் இறங்கிவிடும். அதனால்தான் இன்றும் மருந்தைத் தொடுவதற்கு முன் செவிலியர் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்.