பழைய ஜீப்பும் ஆர்சி புக்கில் இல்லாத எண்ணும்

வணிகவியல் படிக்கிறவன் கிரௌன், பினியன் பற்றி எழுதுவதா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் தணிக்கைப் பாடத்தில் ஒரு விதி உண்டு: கணக்குப் புத்தகம் என்ன சொன்னாலும் சரக்கை நேரில் போய் எண்ணிப் பார். பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல அறிவுரை கிடையாது.

ஆர்சி புக்கில் என்ஜின் எண், சேஸிஸ் எண், உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கும். அச்சு விகிதம், அதாவது ஆக்ஸில் ரேஷியோ, இருக்காது. என்ஜினிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பதே அந்த எண். பின்பக்க ஹவுசிங்குக்குள் சின்னப் பல்சக்கரம் பினியன், பெரியது கிரௌன். கிரௌனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் 43-ஐ 8-ஆல் வகுத்து 5.38 என்கிறார்கள்.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தது. வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஆகிய அந்த இரண்டு வண்டிகளிலும் கிரௌன் 39 பல், பினியன் 8 பல். விகிதம் 4.88. போர் முடிந்த 1945-ல் அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்க வில்லிஸ் சிஜே-2ஏ மாடலைக் கொண்டுவந்தது. ஏர் இழுக்க வேகத்தைவிட இழுவை முக்கியம். அதனால் விகிதம் 5.38 ஆனது. ராணுவத்துக்கு ஓர் எண், வயலுக்கு ஓர் எண்!

இந்தியாவில் 1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே தயாரித்தது. 1952 அக்டோபர் 2-ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றாலே வாசலில் ஒரு ஜீப் என்றானது. இப்படி அரசு அலுவலகத்திலும் ராணுவத்திலும் ஓடித் தேய்ந்தவை ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர்கள் ஒரு வண்டியின் முன் அச்சை இன்னொரு வண்டியின் பின் அச்சோடு சேர்த்தார்கள். பெட்ரோல் என்ஜினைக் கழற்றி டீசல் போட்டார்கள். ஆர்சி புக்கில் இருப்பது ஒரு ஜீப், வீட்டு வாசலில் நிற்பது மூன்று ஜீப் என்ற கதைதான்.

பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பெரிய உதாரணம் உண்டு. காஷ்மீர்ப் போர் நடந்த 1948-ல், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காகச் சுமார் 80 லட்சம் ரூபாய்க்கு ஜீப் வாங்க ஒப்பந்தம் போட்டார். பெரும்பகுதிப் பணம் முன்கூட்டியே போய்விட்டது. வந்து இறங்கியவை 155 வண்டிகள். அவையும் உதவாதவை என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1955-ல் நீதி விசாரணை இல்லாமலே அரசு விஷயத்தை முடித்துக்கொண்டது. அரசாங்கமே தாங்கிய நஷ்டம் அது. நம் பையில் அவ்வளவு இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் டிஃபரன்ஷியல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். சிதம்பரத்தில் கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். திருப்பத்தில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். என்ஜின் வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கும் விசையையும் கொடுத்து இந்த வித்தியாசத்தையும் அனுமதிக்கும் அமைப்புக்கு பிரான்சின் ஓனெசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். சாதாரண டிஃபரன்ஷியல் அதுதான். அதன் பலவீனம், ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் சுற்றும். தரையில் பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் சிக்கிய வண்டியைத் தள்ளியவர்களைக் கேளுங்கள் :)

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும், அதனால் அதை விடுவிக்க வேண்டும். கட்டை கட்டாயம். கியர் நியூட்ரலில், டூ வீல் டிரைவில் இருக்கட்டும். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒன்றைக் கையால் சுழற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண வகை. அதே திசையில் சேர்ந்து சுற்றினால் லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர். ஒரு எச்சரிக்கை: மஹிந்திரா தாரின் சில ரகங்களில் வரும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர், இரு சக்கர வேகமும் நன்றாக வேறுபட்டால்தான் பூட்டிக்கொள்ளும். கையால் மெதுவாகச் சுற்றினால் சாதாரண வகை போலவே நடிக்கும்.

அடுத்து எண். ஹவுசிங் மூடியின் போல்ட்டில் சின்னத் தகடு இருந்தால் பல் எண்ணிக்கை அதிலேயே இருக்கலாம். ஆனால் தகடு மாறாமல் உள்ளே பல்சக்கரம் மாறியிருக்கவும் கூடும். ஆகவே சாக்பீஸால் டயரிலும் ஷாஃப்டிலும் கோடு போடுங்கள். சாதாரண வகையானால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, அதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் 4.88. ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் 5.38. இரு சக்கரமும் சேர்ந்து சுற்றும் வகையில் ஒரு சுற்றே போதும். பிந்தைய மாடல்களில் வேறு விகிதங்களும் உண்டு.

இதையே முன் அச்சிலும் செய்யுங்கள். ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் முதலில் லாக் செய்துகொள்ளுங்கள். முன்னும் பின்னும் எண் பொருந்தாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுக்கும். சேற்றில் வழுக்கலில் தெரியாது. தார் ரோட்டில் டயரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தேயும்.

எண் பொருந்தினாலும் எது என்பது முக்கியம். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். 28 அங்குல டயர் அதற்குள் சுமார் 20,000 முறை சுற்றும். டாப் கியரில் 5.38 வண்டியின் என்ஜின், 4.88 வண்டியைவிட ஏறத்தாழ 10,000 சுற்று அதிகம் சுற்றியிருக்கும். தினமும் ரோட்டில் ஓட்ட 4.88, வயலுக்கும் வரப்புக்கும் 5.38 என்று வைத்துக்கொள்ளலாம்.

விலை பேசுவதற்கு முன் அரை மணி நேரம், ஒரு சாக்பீஸ். அவ்வளவுதான் செலவு. யார் வீட்டிலாவது பழைய ஜீப் இருந்தால் எண்ணிப் பார்த்து, முன்னே எத்தனை பின்னே எத்தனை என்று எழுதுங்கள்.