'தி திங்': அன்னைக்கு ஃபிளாப், இன்னைக்கு கிளாசிக்... நியாயம்தானா?

1982 ஜூன் 25. ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' அமெரிக்கத் தியேட்டர்களில் ரிலீஸ். அதே நாளில் 'பிளேடு ரன்னர்' படமும் வந்தது. ரெண்டு வாரம் முன்னாடி வந்த ஸ்பீல்பெர்க்கின் 'இ.டி.' வசூலை அள்ளிக்கொண்டிருந்தது. அன்பான ஏலியனிடம் உருகிப்போயிருந்த கூட்டத்துக்கு, ஆளைப் பிய்த்துப்போடும் ஏலியனைப் பிடிக்கவில்லை. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த படம், அமெரிக்காவில் 2 கோடியைக்கூடத் தொடவில்லை. 'வெறும் அருவருப்பு' என்று பல விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். எனியோ மோரிகோனியின் இசை, மோசமான படைப்புகளுக்குத் தரும் ராஸி விருதுக்கே நாமினேட் ஆனது!

அப்படி என்ன கதை?

அன்டார்டிகாவில் ஓர் ஆய்வு நிலையம், 12 ஆண்கள். ஒரு நாயைச் சுட்டபடியே துரத்தி வருகிறது நார்வே ஹெலிகாப்டர். பாவம்னு நாயை உள்ளே சேர்க்கிறார்கள். வினையே அங்கேதான். எந்த உயிரையும் அச்சு அசலாகக் காப்பியடிக்கும் வேற்றுக்கிரக ஜந்து அது. இனி யார் மனுஷன், யார் 'அது'?

மூலம், ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938-ல் எழுதிய குறுநாவல். 1951-ல் வந்த முதல் படம், இந்த உருமாறும் விஷயத்தையே விட்டுவிட்டு சாதாரண அரக்கன் கதையாக்கியது. கார்ப்பென்டர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஏன் கிளாசிக்?

பயம் ஜந்துவிடம் இல்லை, பக்கத்தில் நிற்பவனிடம் இருக்கிறது. எல்லோருடைய ரத்தத்திலும் சூடான கம்பியை வைத்துச் சோதிக்கும் காட்சி ஒன்று போதும். இன்றைக்குப் பார்த்தாலும் மூச்சு நின்னுடும்.

அடுத்தது, கைவேலை. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராப் பாட்டின், ரப்பரும் பிசுபிசுப்புப் பொருள்களும் வைத்தே அந்த உருவங்களைச் செய்தார். 2011-ல் வந்த முன்கதைப் படத்தில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ். ரெண்டையும் அடுத்தடுத்துப் பாருங்க, எது நிஜமாகத் தெரிகிறது என்று புரியும்.

குறையே இல்லையா?

இருக்கு. கர்ட் ரஸ்ஸல் நடித்த மெக்ரெடியைத் தவிர மற்றவர்கள் மனதில் பதிய நேரமாகும். யாருக்கும் முன்கதை கிடையாது. ஆனா, யாரையும் முழுசா தெரியாததால்தான் எல்லோர் மேலயும் சந்தேகம் வருது. அதனால் இந்தக் குறையும் படத்துக்கு உதவவே செய்கிறது.

ராஸிக்குப் போன மோரிகோனி, டாரன்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்துக்காக 2016-ல் ஆஸ்கர் வாங்கினார். பனி, அடைபட்ட வீடு, சந்தேகம், அதே கர்ட் ரஸ்ஸல். 'தி திங்'குக்காகப் போட்டு, பயன்படுத்தாமல் விட்ட சில இசைத் துணுக்குகளும் அதில் இருக்கின்றன.

முதல் வார வசூல் வைத்த மார்க்கை 40 வருஷம் திருத்தி எழுதியிருக்கிறது. கிளாசிக் பட்டம், நியாயம்தான்! இன்னும் பார்க்கலைன்னா, கிளைமாக்ஸ் விளக்க வீடியோக்களைத் தொடாமல் படத்தைப் போடுங்க. கடைசிக் காட்சியில் உங்க சந்தேகம் யார் மேலேன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.